டயர் வண்டிக்குச் சக்கரம் வாங்கும் முன்

அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும் மாதங்களில் கிராமத்து வெல்டிங் பட்டறைகளில் புது வண்டி வேலை மும்முரமாக நடக்கும். மாட்டுக்கு ஒரு டயர் வண்டி, பவர் டில்லருக்குப் பின்னால் மாட்ட ஒரு டிரெய்லர், சிறிய டிராக்டருக்கு ஒரு பெட்டி என்று அவரவர் வசதிக்கு ஏற்பக் கட்டிக்கொள்கிறார்கள். சட்டத்துக்கு நல்ல இரும்பு, பெட்டிக்கு நல்ல தகடு, பக்கத்தில் பெயிண்டில் பிள்ளையின் பெயர், எல்லாம் அமர்க்களமாக இருக்கும். சக்கரத்துக்கு வரும்போது மட்டும், "பழைய இரும்புக் கடையில் என்ன கிடைக்கிறதோ அதைப் போடு" என்று சொல்லிவிடுகிறோம். தகடு துருப்பிடித்தால் அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம். ஓடும்போது சக்கரம் போனால் வண்டி கவிழும்.

நானே இதில் கையைச் சுட்டுக்கொண்டவன். சில ஆண்டுகளுக்கு முன் என் மாட்டு வண்டிக்குப் பழைய டயர் இரண்டு வாங்கினேன். கரேல் என்று, பட்டன் தேயாமல், பார்க்கப் புதிது போலவே இருந்தன. கடைக்காரர் கறுப்புச் சாயம் பூசி வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நிலக்கடலை ஏற்றிக்கொண்டு விற்பனைக் கூடத்துக்குப் போகும் வழியில் இடது டயர் வெடித்தது. வண்டி ஒரு பக்கம் சாய, ஏர்க்கால் முறுக்கிக்கொண்டு வலது மாடு மண்டியிட்டு விழுந்தது. நுகத்தடி அழுத்திய கழுத்துப் புண் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் உழவுக்கு ஆள் தேடி அலைந்தேன். டயரில் மிச்சம் பிடித்த பணம் அதில் எத்தனை மடங்காகப் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த டயர் செய்யப்பட்டுப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அதைக் கண்டுபிடிக்கும் வழி டயரிலேயே எழுதியிருந்தது, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

முதலில் எடை, பிறகு டயர்

பட்டறைக்குப் போகும் முன் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போடுங்கள். அதிகபட்சம் எவ்வளவு ஏற்றப் போகிறீர்கள்? "அவ்வளவு ஏற்றமாட்டேன்" என்று சொல்ல வேண்டாம். மழை வருகிற மாதிரி இருந்தால் களத்தில் உள்ள எல்லா மூட்டையையும் ஒரே நடையில் ஏற்றுகிறவர்கள்தான் நாம்.

75 கிலோ நெல் மூட்டை 20 என்று வைத்துக்கொண்டால் 1,500 கிலோ. வண்டியின் சொந்த எடை 350 கிலோ என்றால் மொத்தம் 1,850 கிலோ. சக்கரம் இரண்டு, ஆகவே ஒன்றுக்கு 925 கிலோ. இதோடு நிறுத்தினால் தவறு. வண்டி மேடு பள்ளத்தில் போகும்போது பாரம் சரிபாதியாக நிற்பதில்லை. ஒரு சக்கரம் வண்டித்தடத்தில் இறங்கினால் பாரம் அந்தப் பக்கமே சாய்ந்து அழுத்தும். அதனால் கால் பங்காவது கூட்டிக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய 1,150 கிலோ. அந்த எடையைத் தாங்கும் டயர்தான் உங்களுக்கு வேண்டியது.

இப்போது பலர் செய்வதைப் பாருங்கள். சிறிய காரின் அச்சும் சக்கரமும் மலிவாகக் கிடைக்கின்றன என்று வாங்கிப் பொருத்திவிடுகிறார்கள். 145/70 ஆர் 12 என்று எழுதியிருக்கும் அந்த டயரில் பக்கத்திலேயே 69 என்று ஓர் எண் இருக்கும். அது சுமைக் குறியெண். 69 என்றால் 325 கிலோ. இரண்டு டயரும் சேர்ந்து 650 கிலோதான் தாங்கும். அதாவது வண்டியின் சொந்த எடை போக நாலு மூட்டை நெல். இருபது மூட்டை ஏற்றியும் ஓடுகிறதே என்பார்கள். மெதுவாகப் போவதால் கொஞ்ச நாள் ஓடும். உள்ளே நூல் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருப்பது வெளியே தெரியாது.

இந்தக் குறியெண்களில் சிலவற்றை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 79 என்றால் 437 கிலோ, 88 என்றால் 560 கிலோ, 91 என்றால் 615 கிலோ, 100 என்றால் 800 கிலோ. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்து வேகத்தைக் குறிப்பது. நம் வண்டிக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

டயர் சுவரைப் படியுங்கள்

வண்டிக்கும் டிரெய்லருக்கும் ஏற்ற டயர்களில் அளவு வேறு விதமாக இருக்கும். 6.00-16, 8 பி.ஆர். என்று இருந்தால், டயரின் அகலம் 6 அங்குலம், அது உட்காரும் ரிம்மின் விட்டம் 16 அங்குலம் என்று பொருள். பி.ஆர். என்பது பிளை வலு. 8 பிளை என்றால் உள்ளே எட்டு அடுக்கு இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். முன்காலத்துப் பருத்தி நூல் டயரில் எட்டு அடுக்குக்கு இருந்த வலு இதற்கு இருக்கிறது என்பதுதான் கணக்கு. இப்போது நைலான் நூல், அடுக்கு குறைவாகவே இருக்கும்.

அளவுக்கும் விட்டத்துக்கும் நடுவில் ஆர் என்ற எழுத்து இருந்தால் ரேடியல் டயர், வெறும் கோடு இருந்தால் நூல் குறுக்கும் மறுக்குமாக ஓடும் பழைய வகை டயர். காருக்கு ரேடியல் உயர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வயல் வண்டிக்கு நான் பழைய வகையையே சிபாரிசு செய்வேன். ரேடியலின் பக்கச் சுவர் மெல்லியது. வரப்புக் கல்லும் வெட்டிய சீமைக் கருவேல் கட்டையும் முதலில் குத்துவது அந்தச் சுவரில்தான். சுவர் கிழிந்தால் பஞ்சர் போட வழியில்லை, டயரே போயிற்று. பழைய வகையின் சுவர் தடிமனானது, அடி தாங்கும்.

சீமைக் கருவேல் முள்ளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களைக் கேட்டால் தெரியும். பட்டன் தேய்ந்த டயரை அது வெண்ணெய் போலத் துளைத்துவிடும். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி டயருக்கும் டியூபுக்கும் நடுவே பரத்திப் போடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மாட்டு வண்டி வேகத்துக்கு அது பலன் தரும். வெட்டிய ஓரம் மடங்காமல் பார்த்துக்கொள்ளாவிட்டால் அந்த மடிப்பே டியூபை அரித்துவிடும்.

டியூப் இல்லாத டயரும் சந்தையில் உண்டு. ரிம் துருப்பிடித்திருந்தால் விளிம்பில் காற்று கசிந்துகொண்டே இருக்கும். பழைய ரிம்மைப் போடுகிறவர்கள் டியூப் உள்ளதையே வாங்குங்கள்.

இனி, என்னை ஏமாற்றிய அந்த விஷயம். டயர் சுவரில் சிறிய வட்டமான கட்டத்துக்குள் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் வாரம், பின் இரண்டு இலக்கம் வருஷம். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முன் செய்தது, தொடவே வேண்டாம். வண்டி டயர் தேய்ந்து சாவதில்லை, கிழடாகித்தான் சாகிறது. வருஷத்தில் சில மாதமே ஓடி, மீதி நாள் வெயிலில் நிற்பதால் பட்டன் புதிதாகவே இருக்கும், ரப்பர் மட்டும் உலர்ந்து வெடித்துப் போயிருக்கும். பழைய டயர் வாங்கும்போது ஐந்து வருஷத்துக்கு மேற்பட்டதை நான் இப்போது எடுப்பதில்லை. சுவரை விரலால் அழுத்தி வளைத்துப் பாருங்கள். தலைமயிர் போன்ற கீறல்கள் விரிந்தால் வேண்டாம். உள்பக்கம் கையை விட்டுத் தடவுங்கள். ஒட்டுப் போட்ட இடம், புடைப்பு, அறுந்த நூல் தட்டுப்பட்டாலும், விளிம்புக் கம்பி வெளியே தெரிந்தாலும் வேண்டாம். சாயம் பூசிய டயரைக் கண்டால் அடுத்த கடைக்கு நடங்கள். ரீட்ரெடிங் செய்த டயர் மெதுவாகப் போகும் வண்டிக்குப் பரவாயில்லை, ஆனால் மேல் ரப்பரைப் பார்க்காமல் அடிச்சட்டத்தின் வயதைப் பாருங்கள்.

எந்த அளவு?

மாட்டு வண்டிக்கென்றே 6.00-19, 7.00-19, 8.00-19 அளவுகளில் டயர் செய்கிறார்கள். பவர் டில்லர் டிரெய்லருக்கும் சிறு பெட்டி வண்டிக்கும் 10, 12 மூட்டை வரை என்றால் 6.00-16, 8 பிளை போதும். இருபது மூட்டைக் கணக்குக்கு 7.50-16 வேண்டும். சுவரில் எழுதியுள்ள எடையை உங்கள் காகிதத்துக் கணக்கோடு ஒப்பிட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.

6.00-16 அளவுக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. பழைய ஜீப்புக்கும் பல டிராக்டர்களின் முன் சக்கரத்துக்கும் அதே அளவுதான். எந்தத் தாலுகா ஊரிலும் டியூப் கிடைக்கும். அவசரத்துக்குப் பக்கத்து வீட்டு டிராக்டர்காரரிடம் ஒரு டயர் கடன் வாங்கலாம். அபூர்வமான அளவில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டு, டியூபுக்காகச் சென்னைக்கு ஆள் அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

சக்கரம் சிறிதாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். ஓர் அடி அகலமுள்ள பள்ளத்தில் 20 அங்குல விட்டமுள்ள கார் சக்கரம் 2 அங்குலம் இறங்கும். 28 அங்குல விட்டம் வரும் 6.00-16 ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்று அதிகம் இறங்கும். 35 அங்குலம் வரும் 8.00-19 ஓர் அங்குலம்தான் இறங்கும். நம் பாட்டனார் காலத்து ஐந்தடி மரச் சக்கரம் அரை அங்குலத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. இறங்கியதை மேலே ஏற்றுவது மாடு அல்லது எஞ்சின். ஒரு மைல் தூரத்தில் எத்தனை பள்ளம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பெரிய சக்கரம் செய்த பெரியவர்கள் விஷயம் தெரியாதவர்கள் அல்ல.

அப்படியானால் மரச் சக்கரத்துக்கே திரும்பலாமா என்றால், அதுவும் சரியில்லை. இரும்புப் பட்டை தார்ச் சாலையை அறுக்கும், ஈர மண்ணில் கத்தி போல இறங்கும், கல்லில் ஏறும் ஒவ்வொரு அதிர்ச்சியையும் மாட்டின் கழுத்துக்கு அப்படியே அனுப்பும். பார வண்டி மாடுகளுக்கான 1965-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளே இந்த வித்தியாசத்தை எடுத்துக் காட்டுகின்றன. சிறிய மாடு ஒன்று இழுக்கும் இரு சக்கர வண்டிக்குக் காற்று டயர் இல்லாவிட்டால் 500 கிலோ, காற்று டயர் இருந்தால் 750 கிலோ, பால்பேரிங் இருந்தால் 1,000 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதே மாடு, அதே கழுத்து, சக்கரம் மட்டும் வேறு. 1970-களில் பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமசாமி, மாட்டு வண்டியைத் திருத்தி அமைக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் வற்புறுத்தி வந்ததும் இதனால்தான்.

டயர் வண்டியில் அச்சு தாழ்வாக இருப்பதால் ஒரு நன்மையும் உண்டு. பாரம் அச்சுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்கு இறக்கத்தில் முன்னால் சாய்ந்து கழுத்தை அழுத்தும், ஏற்றத்தில் பின்னால் சாய்ந்து நுகத்தடியைத் தூக்கும். பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்குவது அப்போதுதான். அச்சு தாழ்வாக இருக்கிறது என்பதற்காக அதன் மேல் ஒன்றரை அடி உயரத்துக்குத் தாங்கி வைத்துத் தட்டை உயர்த்திவிட்டால் இந்த நன்மை போய்விடும். பட்டறைக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். டில்லர் டிரெய்லரிலும் தட்டு மட்டமாக நிற்க வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கிப் பக்கம் இருக்கட்டும். பின்பாரம் மிகுந்தால் கொக்கி மேலே தூக்கும், ஏற்றத்தில் டில்லர் சக்கரம் பிடிப்பில்லாமல் சுழலும்.

ரிம்மில் உள்ள ஆபத்து

இந்தப் பகுதியைப் பஞ்சர் ஒட்டும் பையனுக்கும் படித்துக் காட்டுங்கள்.

ரிம் இரண்டு வகை. ஒன்று, நடுவில் பள்ளம் உள்ள ஒற்றை ரிம். ஜீப், கார் சக்கரமெல்லாம் இதுதான். மற்றது, லாரிகளில் வரும் வளைய ரிம். அதில் டயரை மாட்டிய பிறகு இரும்பு வளையம் ஒன்றைத் தட்டிப் பூட்டுவார்கள். 7.50-16 அளவுக்குப் பழைய சக்கரம் தேடினால் பெரும்பாலும் இந்த வகைதான் கையில் கிடைக்கும். வளையம் துருப்பிடித்தோ வளைந்தோ, சரியாக உட்காராமலோ இருந்தால், காற்று அடிக்கும்போது பீரங்கிக் குண்டு போலப் பறக்கும். எதிரில் குனிந்து நிற்பவர் தலை தப்பாது. வளைந்த வளையத்தைத் தட்டி நிமிர்த்திப் போடக்கூடாது. வேறு ரிம்மின் வளையத்தை மாற்றிப் போடக்கூடாது. காற்று அடிக்கும்போது தடித்த சங்கிலியால் சக்கரத்தைச் சுற்றிக் கட்டி, நீளமான குழாயுடன், பக்கவாட்டில் விலகி நின்றே அடிக்க வேண்டும். கழற்றும்போது முதலில் வால்வைப் பிடுங்கிக் காற்று முழுவதையும் விட்ட பிறகே வளையத்தில் கை வைக்க வேண்டும்.

இன்னொன்று. ரிம்மில் விரிசல் கண்டால் டயரோடு சேர்த்தே வெல்டிங் வைக்கும் வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. காற்றைத் திறந்துவிட்டிருந்தாலும் சூட்டில் ரப்பர் உருகி வாயு உண்டாகி டயர் வெடிக்கும். டயரைக் கழற்றாமல் ரிம்மின் அருகே நெருப்பைக் கொண்டுபோகக்கூடாது. விரிசல் விட்ட ரிம்மைத் தூக்கி எறிவதே உத்தமம்.

ரிம்மின் போல்ட் துளைகள் ஹப்போடு ஒத்திருக்கிறதா என்று டயர் வாங்கும் முன்பே பொருத்திப் பார்த்துவிடுங்கள். துளை ஒத்துவரவில்லை என்று வெல்டிங்கில் அறுத்துப் பெரிதாக்கினால் நட்டு எத்தனை முறுக்கினாலும் நிற்காது. நட்டின் சரிவான முகம் ரிம்மைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாகப் போட்ட நட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பேரிங், காற்று

பழைய அச்சு வாங்கினால் பேரிங்கைப் புதிதாகவே போட்டுவிடுங்கள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருக்கக்கூடாது, சுற்றினால் தடையும் இருக்கக்கூடாது. நட்டை இறுக்கி, பிறகு சிறிது தளர்த்திப் பின் போடுவது வழக்கம். ஐந்து கிலோமீட்டர் ஓட்டியபின் ஹப்பின் மேல் கையை வையுங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம், அல்லது கிரீஸ் இல்லை. வாய்க்காலிலோ ஆற்றிலோ அச்சு மூழ்க இறக்கி ஏற்றினால், அந்த வாரமே கழற்றிப் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது வைக்க வேண்டும்.

பேரிங் வண்டி வழுவழுவென்று ஓடும். இறக்கத்தில் அதுவே தொல்லை. கட்டை வண்டியின் அச்சு உராய்ந்து தானே வேகத்தைத் தடுக்கும், பேரிங் தடுக்காது, மொத்தப் பாரமும் மாட்டைத் தள்ளும். ஆகவே டயர் வண்டிக்குப் பிரேக் கட்டாயம். பட்டறைக்காரர் கேட்காவிட்டாலும் நீங்கள் கேட்டு வாங்குங்கள். டிராக்டருக்குப் பின்னால் சாலையில் ஓட்டும் டிரெய்லருக்குப் பதிவும் வேண்டும், கட்டும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரியுங்கள்.

காற்று எவ்வளவு அடிப்பது என்பதையும் டயர் சுவரே சொல்லும். அங்கே எழுதியிருப்பது முழுப் பாரத்துக்கான அளவு. டயரில் உள்ள காற்றுதான் பாரத்தைத் தாங்குகிறது, ரப்பர் வெறும் பை. 40 பவுண்டு காற்று என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 2.8 கிலோ. 700 கிலோ பாரத்தைத் தாங்க டயர் தரையில் சுமார் 250 சதுர சென்டிமீட்டர் பதிய வேண்டும், அதாவது இரண்டு கையை விரித்து வைத்த அளவுக்குக் கொஞ்சம் குறைவு. 20 பவுண்டு என்றால் அது இரட்டிப்பாகும். ஈர வயலில் அகலப் பதிந்தால் புதையாது, அதனால் காற்றைக் குறைத்து ஓட்டுகிறவர்கள் உண்டு. நல்லதுதான், ஆனால் பாரத்தையும் குறைத்தாக வேண்டும். சாலை ஏறும் முன் திரும்ப அடித்துவிட வேண்டும். தொய்ந்த டயர் சாலையில் மாட்டுக்குப் பாரத்தைக் கூட்டும், சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி நூல் அறுந்துபோகும். இரண்டு பக்கமும் ஒரே அளவு டயர், ஒரே அளவு காற்று இருக்கட்டும். ஒரு பக்கம் குறைந்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும், அந்தப் பக்கத்து மாடுதான் சீக்கிரம் களைக்கும். காற்று பார்க்கும் கருவி ஒன்றைச் சொந்தமாக வாங்கி வண்டிப் பெட்டியில் போட்டு வையுங்கள். குச்சியால் தட்டிப் பார்த்துச் சொல்லும் கணக்கு சரிவராது.

முதல் பாரம் ஏற்றி இறக்கியதும் சக்கர நட்டுகளை மறுபடி முறுக்குங்கள், புது வண்டியில் அவை தளர்வது சகஜம். வேலை இல்லாத மாதங்களில் அச்சுக்கு அடியில் கட்டை முட்டுக்கொடுத்துச் சக்கரம் தரையில் படாமல் தூக்கி வைத்து, டயரின் மேல் பழைய சாக்கைப் போர்த்திவிடுங்கள். நிழலில் நிறுத்த இடம் இருந்தால் இன்னும் நல்லது. எருக்குழிக்குப் பக்கத்திலும், டீசல் சிந்தும் இடத்திலும் நிறுத்த வேண்டாம், டீசல் ரப்பரைத் தின்றுவிடும்.